குழந்தை பால் கக்கினால் பசும்பாலுக்கு மாற்ற வேண்டுமா?

‘‘என் மகளுக்கு இரண்டரை மாதம் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். குடித்த சிறிது நேரத்தில் தயிர் போலக் கக்கிவிடுகிறாள். ‘உன் பால் சேரவில்லை, வீட்டுக் கறவை மாட்டுப் பாலில் தண்ணீர் கலந்து கொடு’ என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?’’

- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

கொடுக்க வேண்டாம். ஒரு வயதுக்கு முன் பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுத்தால் ரத்தச்சோகை வரலாம். சிறுநீரகத்துக்கும் சுமை. தண்ணீர் கலந்தால் சத்தும் குறையும். தாய்ப்பாலைத் தொடருங்கள்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் மடை போல ஒரு தசை வளையம் இருக்கிறது. பிறந்த சில மாதங்களுக்கு அது இறுக்கமாக மூடாது. வயிறும் சிறியது, குழந்தை படுத்தே இருக்கிறது. அதனால் பால் எதிர்த்து வருகிறது. இரைப்பை அமிலத்தில் திரிவதால்தான் தயிர் போலத் தெரிகிறது. நான்காம் மாதம் வாக்கில் இது அதிகமாக இருக்கும். உட்கார, நிற்கப் பழகும்போது குறையும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதையொட்டி நின்றுவிடும்.

கக்கிய பிறகும் சிரித்து விளையாடுகிறாளா, ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறாளா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் மருந்தே தேவையில்லை. அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

* வயல் வேலை முடிந்து வந்ததும், பசியில் அழுதழுது காற்றை விழுங்கும் முன்பே பால் கொடுங்கள். தலை சற்று உயர்ந்திருக்கட்டும்.

* குடித்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் விடச் செய்யுங்கள். 20 முதல் 30 நிமிடம் நிமிர்த்தி வைத்திருங்கள். உடனே தூளியில் போட்டு ஆட்டாதீர்கள்.

* வயிற்றை அழுத்தும்படி துணியோ அரைஞாணோ இறுக்கிக் கட்டாதீர்கள்.

* தூங்கும்போது சமதளத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கக்கும் குழந்தைக்கும் அதுவே பாதுகாப்பு. குப்புறப் போடக் கூடாது.

* ‘தொக்கம்’ எடுப்பது, தொண்டைக்குள் விரல் விடுவது, வசம்பு உரைத்துப் புகட்டுவது, ஆறு மாதத்துக்கு முன் கேழ்வரகுக் கூழ் ஊட்டுவது எதுவும் வேண்டாம்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் ‘பல் முளைக்கிறது, செரிமானம் இல்லை’ என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்: பச்சை நிறத்தில் வாந்தி, ரத்தம் கலந்த வாந்தி, ஒவ்வொரு முறையும் பீய்ச்சி அடிக்கும் வாந்தி, வயிறு உப்புதல், காய்ச்சல், உச்சிக்குழி புடைத்தல் அல்லது குழி விழுதல், சிறுநீர் குறைதல், பால் குடிக்காமல் துவண்டு கிடத்தல், மூச்சுத் திணறல். வண்டி இல்லாத நேரமென்றால் 108-ஐ அழையுங்கள். எடை ஏறவில்லை என்றாலும் தள்ளிப்போடாமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாமியாரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். மாட்டுப் பாலில் ஒரு டம்ளர் உங்களுக்கு வரட்டும். பால் கொடுக்கும் தாய்க்கு அது நல்லது.