தரகர் இருக்கையில் தொகுப்பாளர்

விஸ்வநத்தத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தால் முதலில் நடப்பது விசாரிப்பு. பையன் வேலை பார்க்கும் பட்டாசு ஆலையிலோ அச்சகத்திலோ, சிவகாசியில் அவன் டீ குடிக்கும் கடையிலோ யாராவது காதும் காதும் வைத்தாற்போல் கேட்டு வருவார்கள்: குடிப்பானா, கடன் உண்டா, கை நீட்டுவானா? சம்பந்தம் கசந்தால், அதைப் பேசி முடித்த தரகர் அடுத்த ஜாதகத்தோடு அதே தெருவில் நடக்க முடியாது. இந்த முறையோடு சாதியும் வரதட்சணைப் பேரமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை ஒழிய வேண்டியவை. ஆனாலும் கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். ஜோடி சேர்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அந்தத் தரகர் இருக்கையில் தொகுப்பாளரை உட்காரவைத்தன. பொறுப்பை மட்டும் கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் 1965-ல் தொடங்கிய ‘தி டேட்டிங் கேம்’ நிகழ்ச்சியில், தடுப்புக்கு அப்பால் இருக்கும் மூன்று ஆண்களிடம் கேள்வி கேட்டு, முகம் பாராமலே ஒருவரைப் பெண் தேர்ந்தெடுப்பார். 1978-ல் தொகுப்பாளர் ஜிம் லாங்கே, ராட்னி அல்காலா என்பவரை வெற்றிகரமான புகைப்படக்காரர் என்று அறிமுகம் செய்தார். ஒரு சிறுமியைத் தாக்கியதற்காக ஏற்கெனவே தண்டனை பெற்றவர் அவர். பின்னாளில் பல கொலைகளுக்காகவும் தண்டிக்கப்பட்டார். அவரைத் தேர்ந்தெடுத்த பெண், நேரில் பேசியதும் ஏதோ சரியில்லை என்று உணர்ந்து, அவரோடு வெளியே போக மறுத்துவிட்டார். அந்தப் பெண்ணைக் காத்தது அவருடைய உள்ளுணர்வுதான். நம்மூர் டீக்கடை விசாரிப்பு அளவுக்குக்கூட அங்கே யாரும் மெனக்கெடவில்லை.

தமிழில் இப்படியொரு ஜோடி சேர்க்கும் நிகழ்ச்சி 2018-ல் வந்தது. கலர்ஸ் தமிழில் சங்கீதா தொகுத்து வழங்கிய ‘எங்க வீட்டு மாப்பிள்ளை’ நிகழ்ச்சியில், நடிகர் ஆர்யாவுக்காகப் பதினாறு பெண்கள் போட்டியிட்டார்கள். சுயம்வரத்தில் மாலை பெண்ணின் கையில் இருக்கும். இங்கே தேர்வு ஆணிடம் இருந்தது. ஏப்ரலில் இறுதிச் சுற்றுக்கு மூவர் வந்தார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இருவரும் வருந்துவார்கள் என்று சொல்லி, ஆர்யா யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. அடுத்த மார்ச்சில் அவருக்கும் நடிகை சாயிஷாவுக்கும் திருமணம் நடந்தது.

வயது வந்த பெண்கள், சம்மதித்துத்தானே போனார்கள் என்று கேட்கலாம். சம்மதித்தது உண்மை. ஆனால் கூப்பிட்டவர்கள் போட்டிக்கு என்று கூப்பிடவில்லை, கல்யாணத்துக்கு என்று கூப்பிட்டார்கள். பெயரிலேயே மாப்பிள்ளை இருந்தார். மனமில்லாமல் தாலி கட்டுவதைவிட மறுப்பது மேல் என்ற வாதம் இன்னும் வலுவானது, அதை முழுதாக ஏற்கிறேன். 2009-ல் இந்தித் தொலைக்காட்சியில் நடிகை ராக்கி சாவந்துக்காக நடந்த சுயம்வர நிகழ்ச்சி நிச்சயதார்த்தத்தோடு நின்றது. மறு ஆண்டு அதேபோன்ற நிகழ்ச்சியில் ராகுல் மகாஜன் திரையிலேயே செய்துகொண்ட திருமணம் பின்னர் விவாகரத்தில் முடிந்தது. ஆகவே என் குறை ஆர்யாவின் மறுப்பின் மேல் அல்ல, சங்கீதாவின் மேலும் அல்ல. மறுப்பு வந்த பிறகு அந்தப் பெண்கள் பக்கம் நின்று பேசுவது யார் வேலை என்று யாரும் வகுக்கவில்லையே, அதைத்தான் கேட்கிறேன். பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனவர்கள் வேண்டாம் என்றால், ஒரு தெருவுக்குத் தெரியும். இங்கே தமிழ்நாடே பார்த்தது.

பிரிட்டனில் சில்லா பிளாக் 1985 முதல் 2003 வரை நடத்திய ‘பிளைண்ட் டேட்’ நிகழ்ச்சியில் ஓர் ஏற்பாடு இருந்தது. சேர்த்துவைத்த ஜோடி ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். சில்லா அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன நடந்தது என்று இருவரிடமும் கேட்பார். பிடிக்கவில்லை என்றால், பெண்ணும் அதே மேடையில் வெளிப்படையாகச் சொல்லலாம். தமிழில் அடுத்த முறை இப்படியொரு நிகழ்ச்சி வந்தால், ஒப்பந்தத்திலேயே இரண்டு வரிகள் இருக்கட்டும்: வருகிறவரைப் பற்றி முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்; முடிந்த பிறகு, வேண்டாம் என்று சொல்லப்பட்ட பெண்ணுக்கும் அதே நேரத்தில், அதே சேனலில் பேச இடம் தர வேண்டும்.