துவக்குப் பெட்டகத்தில் இடம் காணாதாம்

அமெரிக்காவில் 'நீங்களே செய்து பாருங்கள்' வகை வீடியோக்களுக்குள் ஒரு தனிப் பிரிவு இருக்கு: நிரம்பி வழியிற துவக்குப் பெட்டகத்தை ஒழுங்குபடுத்துவது எப்படி? யூரியூப்பில் தேடிப் பாருங்கோ, வரிசையாக வரும். ஆள் உயர இரும்புப் பெட்டகம். கதவைத் திறந்தால் ரைபிள்களும் சொட்கன்களும் ஒண்டோட ஒண்டு சாய்ஞ்சபடி நிக்கும். பின்னுக்கு நிக்கிறதை எடுக்கவேணும் எண்டால் முன்னுக்கு நிக்கிற ஐந்தை முதலில் வெளியில எடுக்கவேணும். எடுக்கேக்க ஒண்டின்ர ஸ்கோப் மற்றதில் முட்டும், மரப்பிடியில் கீறல் விழும். பிறகு ஒரு அரைநாள் வேலை. கடைசியில் கதவு திரும்பத் திறக்கும். உள்ளே எல்லாம் அடுக்கு அடுக்காக, வெளிச்சத்தோட, கடைக் கண்ணாடி அலுமாரி மாதிரி இருக்கும்.

வேலை எண்டு பார்த்தால் கெட்டிக்கார வேலைதான். அதை மறுக்கேலாது. பழைய தட்டுகளைக் கழற்றிப்போட்டு, பெட்டகத்தின் அளவுக்குப் பிளைவூட் வெட்டி, கம்பளத் துணி ஒட்டிப் புதுத் தட்டு போடுகிறார்கள். குழலுக்குள் செருகுகிற பிளாஸ்ரிக் கம்பி ஒண்டு விற்கிறார்கள். அதன் தலையில் வெல்க்ரோ இருக்கு. மேல்தட்டின் அடிப்பக்கத்தில் அது ஒட்டிக்கொள்ள, துவக்கு சாயாமல் நிமிர்ந்து நிக்கும். சாய்வு இல்லாததால் அதே இடத்துக்குள் இன்னும் சில துவக்குகள் கொள்ளும். பிஸ்டல்களைத் தட்டுக்குக் கீழே கம்பிக் கொளுக்கியில் தொங்கவிடலாம். கதவின் உட்பக்கத்தில் பைகள் தைச்ச துணி. துரு பிடிக்காமல் இருக்கச் சிலிக்கா ஜெல். கடைசியாக ஒரு எல்ஈடி லைற் பட்டி.

இதில் மரவேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்ர குறை, இந்த வேலையில் ஒரு படி காணாமல் போயிருக்கு எண்டதுதான்.

எந்த அலுமாரியை ஒதுக்கினாலும் முதல் வேலை என்ன? பொங்கலுக்கு முதல் வீடு கழுவேக்க எங்கட அம்மாமார் செய்யிறதை யோசியுங்கோ. எல்லாத்தையும் வெளியில எடுத்துப் போடுவினம். பிறகு ஒவ்வொண்டாகத் தூக்கி, "இது ஏன் இன்னும் கிடக்கு?" எண்டு கேட்பினம். உடைஞ்சது, உதவாதது, ஐந்து வருசமாகத் தொடாதது எல்லாம் வெளியில போகும். மிச்சம்தான் உள்ளே போகும். ஜப்பானில் மாரி கொண்டோ உலகம் முழுக்கப் புத்தகம் விற்றது இந்த ஒரு யோசனையை வைச்சுத்தான்: முதலில் கழி, பிறகு அடுக்கு. உடுப்பு, புத்தகம், பாத்திரம், போன் வயர் எல்லாத்துக்கும் இந்த விதி பொருந்தும். நான் பார்த்த பெட்டக வீடியோக்களில் மட்டும் பொருந்தேல்லை. அங்கே எல்லாத்தையும் வெளியில எடுப்பினம், நிலத்தில் விரிப்பு போட்டு வரிசையாக வைப்பினம், பிறகு அத்தனையும் திரும்ப உள்ளே போகும். கூடவே இன்னும் இரண்டுக்கு இடமும் மிச்சம் வரும். "இது ஏன் இன்னும் கிடக்கு?" எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் பண்ணுறது விற்பனையும்தான். பெட்டகத்தில் '24 துவக்கு' எண்டு எழுதியிருக்கும். அந்தக் கணக்கு ஸ்கோப் இல்லாத, மெல்லிய துவக்குகளை நெருக்கி அடுக்கிப் போட்ட கணக்கு. நடைமுறையில் அதில் பாதியளவுதான் வசதியாகக் கொள்ளும். இதை எல்லாரும் அறிவினம். அதனால் அங்கே புதிதாக வாங்குகிறவருக்குச் சொல்லப்படும் வழக்கமான புத்திமதி என்ன தெரியுமா? "உனக்குத் தேவை எண்டு நினைக்கிறதை விட இரண்டு மடங்கு பெரிசாக வாங்கு, எப்படியும் நிரம்பும்." நிரம்பும் எண்டதை மழை பெய்யும் எண்ட மாதிரிச் சொல்லுகினம். பெட்டகம் தானாக நிரம்புறதில்லை. ஒருத்தர் கடைக்குப் போய், காசு குடுத்து வாங்கி, கொண்டுவந்து வைக்கிறார்.

எண்ணிக்கையைப் பாருங்கோ. 2017 இல் உலகிலே பொதுமக்களின் கையில் இருந்த துவக்குகளை ஸ்மோல் ஆர்ம்ஸ் சேர்வே மதிப்பிட்டது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 393 மில்லியன். ஆட்களின் தொகையை விடக் கூட. ஆனால் இது எல்லார் வீட்டிலும் சமனாகப் பரவி இல்லை. 2015 இல் நடந்த தேசிய ஆய்வு ஒன்றின்படி, வளர்ந்தவர்களில் 3 வீதமானவர்களிடம்தான் நாட்டின் துவக்குகளில் ஏறத்தாழப் பாதி இருந்தது. ஆளுக்குச் சராசரி 17. இடம் காணாத பெட்டகம் அப்படியான வீடுகளின் பிரச்சினை. பதினெட்டாவதுக்கு இடம் தேடுகிற ஆளுக்குத் தச்சுவேலை சொல்லிக் குடுக்கிறதை 'பாதுகாப்பு' எண்டு சொல்லலாமா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். "நெருக்கியடிச்ச பெட்டகம்தான் ஆபத்து. இடம் இல்லாட்டி ஒண்டு கட்டிலுக்குக் கீழே போகும், ஒண்டு லாச்சிக்குள் போகும். ஒழுங்குபடுத்தினால் எல்லாம் பூட்டுக்குள் வரும். அது நல்லதுதானே?" நல்லதுதான். பூட்டு வேண்டாம் எண்டு யாரும் சொன்னால் அது விசர்க்கதை. அதே 2015 ஆய்வின் மதிப்பீட்டில், குண்டு போட்டபடி பூட்டாமல் வைச்ச துவக்கு ஒண்டாவது இருந்த வீடுகளில் 4.6 மில்லியன் பிள்ளைகள் வாழ்ந்தார்கள். 2021 நவம்பர் 30 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஒக்ஸ்ஃபோர்ட் உயர்பாடசாலையில் 15 வயது மாணவன் ஒருவன் 4 மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். அந்தப் பிஸ்டல் நாலு நாளுக்கு முதல் தகப்பன் வாங்கினது. 2024 இல் தாயும் தகப்பனும் தனித்தனி வழக்குகளில் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். பிள்ளையின் கைக்கு எட்டாமல் வைக்கிறதுக்குப் பூட்டு உதவும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் பூட்டு யாரைத் தடுக்குது எண்டு எண்ணிப் பாருங்கோ. பிள்ளையைத் தடுக்கும். கள்ளனைக் கொஞ்சம் தடுக்கும். வீட்டுத் துவக்குப் பெட்டகங்களில் கனக்க, உண்மையான வங்கிப் பெட்டகம் இல்லை. அவை பெறும் வழமையான தரச்சான்று, ஒரு ஆள் கைக்கருவிகளோட 5 நிமிசம் உடைக்கப் பார்த்தால் தாக்குப்பிடிக்குமா எண்ட சோதனைக்குத்தான். அந்தப் பூட்டு ஒருபோதும் தடுக்காத ஒரு ஆள் இருக்கிறார். இலக்கத்தை அறிஞ்ச ஆள். பெட்டகத்தின் சொந்தக்காரர்.

2021 இல் அமெரிக்காவில் துவக்கால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்கட உயிரைத் தாங்களே மாய்த்தவர்கள். பாதிக்கும் மேலே. செய்தியில் வருகிற பாடசாலைச் சூடு, கடைத்தெருச் சூடு எல்லாத்தையும் விட இது பெரிய தொகை. கலிபோர்னியாவில் 26 மில்லியன் பேரின் தரவுகளை வைச்சுச் செய்த ஆய்வு ஒன்று 2020 இல் வெளியானது. கைத்துவக்கு வைத்திருந்த ஆண்கள், வைத்திராத ஆண்களை விட எட்டு மடங்கு வீதத்தில் துவக்கால் தற்கொலை செய்திருந்தார்கள். எல்லா வழிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் மூன்று மடங்குக்கு மேல். அதாவது, அழகாக அடுக்கி, லைற் பூட்டி, கையை நீட்டின உடன எடுக்கக்கூடிய மாதிரி வைச்ச அந்தப் பெட்டகம் கூடுதலாக ஆபத்தாக இருக்கிறது அதைச் செய்தவருக்கே. வீடியோவின் கடைசியில் "இப்ப எதையும் ஒரு செக்கனில் எடுக்கலாம்" எண்டு பெருமையாகச் சொல்லுகினம். எனக்கு அந்த வசனம்தான் பயம்.

இலங்கையில் இருந்துகொண்டு இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி எண்டு கேட்கலாம். இருக்கு. பூட்டிவைக்கிறதா, இல்லாமல் செய்யிறதா எண்ட கேள்விக்கு உலகத்திலேயே தெளிவான விடை கிடைச்ச இடங்களில் ஒண்டு இந்த நாடு. இங்கே சாமான் துவக்கு இல்லை, கிருமிநாசினி. 1990களின் நடுப்பகுதியில் உலகில் ஆகக் கூடிய தற்கொலை வீதம் கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை இரண்டாகப் பிரித்து ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. ஒரு பாதிக் கிராமங்களில் கமக்கார வீடுகளுக்குக் கிருமிநாசினியைப் பூட்டி வைக்கப் பெட்டி குடுத்தார்கள். மற்றப் பாதிக்குக் குடுக்கேல்லை. 2017 இல் முடிவு வெளிவந்தது: பெட்டி குடுத்ததால் நஞ்சருந்தல் குறைஞ்சதாகக் காட்ட முடியேல்லை. திறப்பு வீட்டுக்குள்தானே இருந்தது.

ஆனால் அதே நாட்டில் தற்கொலை வீதம் 1995 ஐ அண்டிய உச்சத்தில் இருந்து இருபது வருசத்துக்குள் சுமார் 70 வீதம் விழுந்தது. பெரும் பங்கு எதனால்? ஆகக் கொடிய கிருமிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததால். அந்தக் காலத்தில் சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் எண்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். சனத்தின்ர கவலை குறையேல்லை.  கை எட்டின தூரத்தில் ஆகக் கொடியது இல்லை, அவ்வளவுதான்.

துவக்கும் கிருமிநாசினியும் ஒண்டில்லை, தெரியும். வாஷிங்டன் நகரத்தின் கைத்துவக்குத் தடையை 2008 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்கில் நீக்கியது. வீட்டில் உள்ள துவக்கைக் கழற்றியோ பூட்டியோ வைக்கவேணும் எண்ட அந்த நகரத்தின் விதியும் அதோட போனது. அங்கே சட்டத்தால் செய்யக்கூடியது குறைவு. சரி. ஆனால் 'நீங்களே செய்து பாருங்கள்' எண்டால் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லையே? உங்கட பெட்டகம், உங்கட கை. நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில் துவக்குக் கடைக்காரரும் பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து தற்கொலைத் தடுப்பு வேலை செய்கிறார்கள். சில மாநிலங்களில், வீட்டில் யாருக்கும் மனம் சரியில்லாத காலத்தில் துவக்குகளைக் கடைகளே வாங்கித் தற்காலிகமாக வைச்சிருக்கின்றன. துவக்கை விரும்புகிற ஆட்களே செய்கிற வேலை இது. அப்படியெண்டால் அந்த அரைநாள் வீடியோவில் இதுக்கு இரண்டு நிமிசம் ஒதுக்க ஏன் ஏலாது?

அவுஸ்திரேலியா அந்தக் காணாமல் போன படியைச் சட்டமாகவே எழுதியது. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு, துவக்கு வைத்திருக்கிறவர் உண்மையான காரணம் காட்டவேணும் எண்டு விதி வந்தது. தற்பாதுகாப்பு எண்டது காரணமாக ஏற்கப்படேல்லை. சுமார் 650,000 துவக்குகளை அரசு காசு குடுத்து வாங்கி அழித்தது. எங்கட அம்மாமாரின்ர அதே கேள்விதான்: இது ஏன் கிடக்கு?

இந்த வீடியோக்கள் எங்கட போனுக்கும் வருது. அழகான தட்டு, மெல்லிய இசை, நேர்த்தியான கை. துவக்கை ஒரு தளபாடம் மாதிரிப் பார்க்கப் பழக்குது. துவக்கு வீட்டுக்குள் வந்தால் என்ன நடக்கும் எண்டு பெற்றோரின் வாயால் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். எங்களுக்காவது அந்தப் பழக்கம் வரக்கூடாது. அடுத்த தரம் அப்படி ஒண்டு ஓடினால், நிலத்தில் வரிசையாக வைக்கிற இடத்தில் நிப்பாட்டி எண்ணுங்கோ. பிறகு உள்ளே போகேக்க எண்ணுங்கோ. இரண்டு எண்ணும் ஒண்டு எண்டால் அங்கே நடந்தது ஒழுங்குபடுத்தல் இல்லை, அடுத்ததை வாங்க இடம் பார்க்கிற வேலை.