சட்டக் கல்விக்கு முதற்படி வாசிப்பு

மகளோ மகனோ சட்டம் படிக்க விரும்புவது தெரிந்தவுடன் பல வீடுகளில் முதலில் நிகழ்வது புத்தகம் வாங்குவதுதான். பொது அறிவுக்குத் தலையணை அளவில் ஒரு நூல், சட்டச் சொற்களுக்கு ஒரு நூல், பழைய வினாத்தாள் தொகுப்புகள் நான்கைந்து என மேசை நிறைந்துவிடும். அடுத்து, பயிற்சி மையத்தின் கட்டணத்தை எத்தனை தவணைகளில் செலுத்தலாம் என்ற பேச்சு எழும். பெற்றோரின் அக்கறையைக் குறை கூற இயலாது. ஆயினும் அந்த மேசையில் இருப்பவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை இன்றைய தேர்வுக்குப் பயன்படாதவை. தேர்வு மாறிவிட்டது; மேசை மாறவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரும் முறையைப் புகழ்பெறச் செய்தது பெங்களூருவிலுள்ள இந்தியத் தேசியச் சட்டப் பள்ளி. அதன் முதல் இயக்குநராகிய என்.ஆர். மாதவ மேனன் வகுத்த வழியில் பிற மாநிலங்களிலும் இத்தகைய பல்கலைக்கழகங்கள் தோன்றின. தொடக்கத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியே நுழைவுத் தேர்வு நடத்தியது. ஒரே மாணவர் பல ஊர்களுக்கு அலைந்து, பல கட்டணங்கள் செலுத்த வேண்டியிருந்தது. இந்த அலைச்சலை எதிர்த்து 2006ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுக்கப்பட்டது. அதன் பயனாக 2008இல் ஏழு பல்கலைக்கழகங்கள் இணைந்து நடத்திய பொதுத் தேர்வே கிளாட். இன்று திருச்சிராப்பள்ளியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இத்தேர்வின் வழியே மாணவரைச் சேர்க்கின்றன. டெல்லியின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் தனக்கெனத் தனித்தேர்வு நடத்துகிறது.

முன்னர் இத்தேர்வில் 200 வினாக்கள் இருந்தன. நாடு, தலைநகர், விருது, ஆண்டு என மனப்பாடம் செய்தவர்க்கு அது ஏற்றதாக இருந்தது. 2020இல் அந்த முறை கைவிடப்பட்டது. இப்போது 120 நிமிடங்களில் 120 வினாக்கள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தவறான விடைக்கு 0.25 குறையும். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டத் தருக்கம், பொதுத் தருக்கம், கணிதத் திறன் என்னும் ஐந்து பிரிவுகளிலும் முதலில் ஒரு பத்தி தரப்படும். அதன்பின் அதை ஒட்டிய வினாக்கள் வரும். கணிதம் நீங்கலான பிரிவுகளில் ஒவ்வொரு பத்தியும் ஏறத்தாழ 450 சொற்கள் கொண்டது. அவ்வாறாயின் இரண்டு மணி நேரத்தில் பத்தாயிரம் சொற்களை ஒட்டிப் படித்து, பொருள் உணர்ந்து, விடையும் குறிக்க வேண்டும். இது நினைவாற்றலைச் சோதிக்கும் தேர்வு என்று இன்னமும் எண்ணுவோர் வினாத்தாளை ஒருமுறையேனும் முழுமையாகப் படித்துப் பார்த்தல் நலம்.

சட்டத் தருக்கப் பிரிவைக் கண்டே பலர் அஞ்சுவர். சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது அவ்வச்சத்தின் காரணம். உண்மையில் தேவையான விதி பத்திக்குள்ளேயே இருக்கும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கொல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்னும் இளைஞர் 1895இல் தம் வீட்டை அடகு வைத்து 20,000 ரூபாய்க் கடனுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். அப்போது அவர் சட்டப்படி உரிய வயதை எட்டாதவர். இவ்வுண்மையை அவருடைய தாயார் தம் வழக்கறிஞர் மூலம் கடிதம் எழுதிக் கடன் கொடுத்தவரின் தரப்பினருக்கு முன்னரே அறிவித்திருந்தார். வழக்கு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. உரிய வயது எட்டாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என 1903இல் தீர்ப்பு வந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம் படிக்கும் எவரும் இவ்வழக்கைக் கடந்தே செல்வர்.

இவ்விதியைப் பத்தியாகத் தந்து தேர்வில் இவ்வாறு கேட்கலாம்: பதினாறு வயது மாணவன் ஒருவன் தவணை முறையில் கைப்பேசி வாங்குகிறான், இரண்டு தவணைகளுக்குப் பின் பணம் செலுத்தவில்லை, ஒப்பந்தத்தைக் காட்டி மீதித் தவணைகளைச் செலுத்துமாறு கடைக்காரர் வழக்குத் தொடுக்கலாமா? வாங்கிய பொருளுக்குப் பணம் கொடுப்பதுதானே நேர்மை என்று மாணவர் மனம் சொல்லும். அம்மனத்தின் சொல் நல்லது; ஆனால் கேட்கப்பட்ட வினா அதுவன்று. பத்தியில் உள்ள விதியின்படி ஒப்பந்தமே செல்லாது; எனவே அதைக் காட்டித் தவணை கேட்க இயலாது. தம் கருத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, கொடுக்கப்பட்ட விதி எதுவரை செல்கிறது, எங்கே நிற்கிறது என்று பார்ப்பவரே இப்பிரிவில் மதிப்பெண் பெறுகிறார். நன்றாகப் படிக்கும் மாணவர் சிலர் இங்கே தடுமாறுவதற்குக் காரணம் அறியாமை அன்று. விரைந்து முடிவுக்கு வரும் பழக்கமே.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இத்திறன் புதியதன்று. டெல்லியில் வாடகை வீட்டில் குடியிருக்கும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வருகிறது. வீட்டு உரிமையாளர் இந்தியில் விளக்குகிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, "அதென்ன பதினொரு மாசம்? ஒரு வருஷம்னு போட்டா என்னவாம்?" என்று தமிழில் கேட்கிறார். மூன்று மொழிகளுக்கும் நடுவில் அமர்ந்து விளக்க வேண்டியவர் பெரும்பாலும் அவ்வீட்டின் பள்ளிப் பிள்ளையே. பாட்டியின் வினா கூர்மையானது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கும், ஆண்டுக் கணக்கிலும் எழுதப்படும் குத்தகை ஆவணங்களைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதற்குரிய செலவையும் அலைச்சலையும் தவிர்க்கவே பதினொரு மாத வழக்கம் நிலைபெற்றது. இதைப் பாட்டிக்குப் புரியுமாறு தமிழில் சொல்லத் தெரிந்த பிள்ளை, ஒரு சட்டப் பிரிவைப் படித்து அதன் நோக்கத்தை உணர்ந்துவிட்டது.

ஆகவே பயிற்சிக்கு முதற்பொருள் வீட்டிலேயே இருக்கிறது. மின்கட்டணச் சீட்டின் பின்புறம், காப்பீட்டுப் பத்திரம், தொடர்வண்டிப் பயணச்சீட்டை நீக்கினால் எவ்வளவு பணம் திரும்பும் என்னும் விதிகள் ஆகியவை யாவும் விதியும் விலக்கும் கலந்த உரைநடையே. இவற்றோடு நாள்தோறும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றைப் படித்து, இதழை மூடி வைத்துவிட்டு, அதன் வாதத்தைத் தமிழில் ஐந்து வரிகளில் எழுதிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்திலேயே சுருக்கினால் ஆசிரியரின் சொற்களைத் திருப்பி அடுக்கிவிட்டுப் புரிந்தது என மயங்க இடமுண்டு. தமிழில் எழுதும்போது அந்த மயக்கத்துக்கு இடம் குறைவு. புரியாத வாக்கியம் அங்கேயே நின்றுவிடும். இவ்வாறு எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பழகியவர்க்குப் பதினொன்றாம் வகுப்பில் வேகம் ஒன்றே மீதமிருக்கும். அதற்கு மாதிரித் தேர்வுகள் போதும்.

வாசிப்பு எல்லாத் தடைகளையும் நீக்கிவிடும் என்று சொல்வது பொய்யாகும். மருத்துவ நுழைவுத் தேர்வாகிய நீட் தமிழ் உட்பட 13 மொழிகளில் நடைபெறுகிறது. பொறியியலுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வும் அவ்வாறே. கிளாட் இன்றளவும் ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தப்படுகிறது. இதை மாற்றக் கோரி 2023இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் ஆங்கிலத்தில் இயங்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 348ஆம் பிரிவே கூறுவதால் தேர்வும் ஆங்கிலத்தில் இருப்பது முறைதான் என்பர் சிலர். இவ்வாதம் பாதி மட்டுமே சரி. அதே பிரிவு, குடியரசுத் தலைவரின் இசைவோடு உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் மாநில மொழியைப் பயன்படுத்த ஆளுநருக்கு அதிகாரம் தருகிறது. இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அவ்வாறு இடம் கிடைத்துள்ளது. மேலும், எளிய மக்கள் முதலில் ஏறும் படி கீழமை நீதிமன்றத்தின் படி. தமிழ்நாட்டில் அங்கே சாட்சி பேசுவது தமிழில். கட்சிக்காரரின் மொழியை அறிந்த வழக்கறிஞர் வேண்டும் என்றால், அம்மொழியில் சிந்திக்கும் மாணவரை வாயிலிலேயே நிறுத்திவிடலாகாது.

பணமும் ஒரு தடை. விண்ணப்பக் கட்டணமே ஆயிரக்கணக்கில். இடம் கிடைத்தபின் பல பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேல் செலவாகும். வறிய குடும்பத்து மாணவரும் இங்கே நுழைய வேண்டும் என்று கருதிய பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் இடியா என்னும் அமைப்பைத் தொடங்கினார். சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்தும் மாணவரைத் தேர்ந்து பயிற்சி அளிக்கும் அப்பணி, 2019இல் அவர் மறைந்த பின்னரும் தொடர்கிறது. கிளாட் ஒன்றே வழி என்று எண்ணவும் தேவையில்லை. தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்களின் அடிப்படையிலேயே சேர்க்கை நடைபெறுகிறது. கட்டணமும் மிகக் குறைவு. இதை அறியாமல், ஒரு தேர்வில் தவறியவுடன் சட்டப் படிப்பையே கைவிட்டவர் பலர்.

தேர்வு எழுதும் எண்ணம் உள்ளவரும் இல்லாதவரும் இவ்வாரம் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். வீட்டு வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, முன்பணத்தைத் திருப்பித் தருவது பற்றிய பகுதியைக் கண்டறிக. வீட்டைக் காலி செய்வதாக எத்தனை நாள்களுக்கு முன் அறிவிக்க வேண்டும்? சுவரில் ஆணி அடித்ததற்காகப் பணத்தைப் பிடித்துக்கொள்ள அதில் இடமுண்டா? ஆணி என்ற சொல்லே அங்கே இல்லையெனில், எந்தச் சொல்லைக் கொண்டு உரிமையாளர் வாதிடுவார்? விடைகளை ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டு, அன்று மாலையே வீட்டுப் பெரியவர்களிடம் தமிழில் விளக்குக. அவர்கள் திருப்பிக் கேட்கும் வினாக்களையும் எழுதிக்கொள்க.