வேகம் சரி, வேலை செய்யுமா?

நம்ம நோட்டன் பிரிட்ஜ் விமலசுரேந்திர மின்நிலையத்தின் திறன் 50 மெகாவாட். 50 கிலோவாட் வேகச் சார்ஜர்கள் ஆயிரத்துக்குச் சமம். ஆனா மலையேறி வர்ற கார்க்காரருக்குத் தேவை ஒழுங்கா வேலை செய்யுற ஒண்ணே ஒண்ணு.

பழைய நிசான் லீஃபுக்கு வேகச் சார்ஜரில் 80 வீதம் ஏற அரை மணித்தியாலம். வீட்டு பிளக்கில் ராத்திரி முழுக்க. ஏற்றத்தில் பேட்டரி இன்னும் சீக்கிரம் இறங்கும். அந்த நேரம் இருக்கிற ஒரே சார்ஜர் பழுதுன்னா, அதன் வேகம் பூச்சியம்தான். லீஃபுக்கு சாடெமோ பிளக். புதுசா வர்ற பல கார்களுக்கு சிசிஎஸ்2. பிளக் பொருந்தாட்டியும் அதே கதிதான்.

டெஸ்லா நிலையங்களில் பல சார்ஜர்கள் வரிசையா நிற்கும். ஒண்ணு படுத்தாலும் அடுத்தது இருக்கும். அதனால நாங்க கேக்கிறது இதுதான்: மலைப்பாதையில் ஒரு இடத்துக்கு ரெண்டு சார்ஜர், ரெண்டு வகை பிளக். வேகம் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை. போர்டில் கிலோவாட்டை எழுதுறவங்க, மாசத்தில் எத்தனை நாள் வேலை செஞ்சதுன்னும் எழுதட்டும்.