பழி பிரேக்குக்கு, பிழை யாருக்கு?

மலையக விபத்துச் செய்திகளில் ஒரு வாக்கியம் நிரந்தரமாகக் குடியிருக்கின்றது. 'பிரேக் செயலிழந்தமையால் கட்டுப்பாட்டை இழந்த கெப்ரக வாகனம் பள்ளத்தில் பாய்ந்தது.' திம்புள்ளையில் இருந்து வந்தாலும், லிந்துலையில் இருந்து வந்தாலும், நானுஓயாவில் இருந்து வந்தாலும் வாக்கியம் மாறுவதில்லை. இடத்தின் பெயரையும் காயமடைந்தோரின் தொகையையும் மாற்றினால் போதும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி மேசையில் அமர்ந்து இவ்வாக்கியத்தைப் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கின்றேன்: இது செய்தியன்று, பொறுப்பைக் கழுவும் ஓர் ஏற்பாடு. இடி விழுந்தது, மண் சரிந்தது என்பதைப் போலப் பிரேக்கும் தானாகவே செயலிழந்துவிட்டது என்று நம்மை நம்பவைக்கின்றது. விதியை யார் விசாரிப்பது? சாரதியைப் பொலிஸார் கைது செய்வார்கள். கோப்பு மூடப்படும்.

பிரேக் செயலிழப்பது எப்படி என்று யாராவது கேட்டதுண்டா?

கெப், வேன், சிறிய லொறி ஆகியவற்றில் நாம் மிதிக்கும் மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது ஒரு திரவம். நம்மவர்கள் அதனைப் 'பிரேக் ஒயில்' என்கிறார்கள். குழப்பம் அந்தப் பெயரிலேயே தொடங்குகின்றது. பெரும்பாலான வாகனங்களில் இருப்பது ஒயிலே அன்று. ஒயில் நீரோடு ஒட்டாது. இதுவோ நீரை உறிஞ்சும். இறப்பர்க் குழாய்களின் ஊடாகவும், தாங்கி மூடியின் காற்றுத்துளை வழியாகவும் காற்றின் ஈரத்தைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவமழையும் பனிமூட்டமும் விட்டு விலகாத திம்புள்ளைப் பிரதேசத்தில் ஈரத்துக்குப் பஞ்சமா?

ஈரம் ஏறினால் என்ன? டொட் 3 வகைத் திரவத்துக்குரிய தரநிர்ணயத்தின்படி, புதிதாக இருக்கையில் அது 205 பாகை செல்சியசுக்குக் குறைந்து கொதிக்கக்கூடாது. ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் கலந்த நிலைக்கு அதே தரநிர்ணயம் கேட்பது 140 பாகை மாத்திரமே. டொட் 4 வகைக்கு இவை முறையே 230, 155 ஆகும். சில ஆண்டுகளின் ஈரம் அறுபது, எழுபது பாகைப் பாதுகாப்பைத் தின்றுவிடுகின்றது என்பதே இதன் பொருள்.

இப்பொழுது நமது வீதியை எண்ணிப் பாருங்கள். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கிருந்து எத்திசையில் புறப்பட்டாலும் இறக்கந்தான். கரட்டும் லீக்ஸும் ஏற்றிய, இரண்டு தொன் நிறையுள்ள ஒரு கெப் நூறு மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஏறத்தாழ ஆறு லீற்றர் குளிர்நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. கியரைக் குறைக்காமல், அல்லது டீசல் மிச்சம் பிடிக்கவென்று நியூட்ரலில் விட்டு இறங்கினால், அச்சூட்டின் பெரும்பகுதி பிரேக்கில்தான் இறங்கும். திரவம் கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதி தரைவரை போகும், வாகனம் நிற்காது.

இதிலொரு கொடுமை இருக்கின்றது. சூடு தணிந்ததும் ஆவி மீண்டும் திரவமாகிவிடும். மறுநாள் பரிசோதகர் வந்து மிதித்துப் பார்த்தால் பிரேக் பிடிக்கக்கூடும். 'மிதித்தேன், பிடிக்கவில்லை' என்று சொன்ன சாரதி பொய்யனாகிவிடுவான். சாட்சி ஆவியாகிப் போயிற்று என்பது இங்கே வெறும் சிலேடை அன்று.

பெரிய பஸ்களிலும் லொறிகளிலும் பெரும்பாலும் காற்றழுத்தப் பிரேக்குகள்; அவற்றின் நோய்கள் வேறு. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ், வேனொன்றுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி ஏழு பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதையும் மறக்கவில்லை. அவற்றை எல்லாம் பிரேக் திரவத்தின் தலையில் கட்ட நான் முனையவில்லை. இந்த இறக்கங்கள் மன்னிப்பு அறியாதவை என்பதற்கே அவற்றை நினைவூட்டுகின்றேன்.

நமது கராஜ்களில் நடப்பதென்ன? மூடியைத் திறப்பார்கள். குறைந்திருந்தால் ஊற்றுவார்கள். 'சரி ஐயா, ஃபுல்' என்பார்கள். கறுத்துப்போன பழைய திரவத்தின்மேல் நாலு சொட்டுப் புதியது! புளித்த மாவில் ஒரு கரண்டி புது மாவைச் சேர்த்துவிட்டுப் புளிப்பு நீங்கிற்று என்று சொல்லலாமா? இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முற்றாக மாற்றவேண்டும் என்பது பல உற்பத்தியாளர்களின் விதி. வாகனம் வாங்கிய நாள்முதல் ஒருமுறையேனும் மாற்றினீர்களா என்று உரிமையாளர்களிடம் கேட்டுப் பாருங்கள். 'அதையும் மாற்றவேண்டுமா?' என்ற கேள்வியே பதிலாக வரும்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், 2022இன் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, நம் வீதிகளில் ஓடியவை எல்லாம் முதுமையடைந்த வாகனங்களே. முதியவருக்கு மருந்து கூடுதலாக வேண்டும்; நாமோ இருந்ததையும் நிறுத்தினோம்.

ஆகவே என் கட்சி இது: கராஜ் செய்யாவிட்டால் வீட்டு முற்றத்தில் நாமே செய்வோம். 'அது மெக்கானிக்கின் வேலை, உயிரோடு விளையாடாதே' என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அரைகுறையாகச் செய்தால் ஆபத்துத்தான். செய்யாமல் விடுவது ஆபத்தில்லையா? வேலையோ மறைபொருள் அன்று. சமதரையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜக்கை மாத்திரம் நம்பாமல் முண்டு கொடுங்கள். தாங்கியின் மூடியில் எழுதப்பட்டுள்ள வகையையே, முத்திரை உடைக்காத போத்தலில் வாங்குங்கள். ஒரு லீற்றர் அளவு போதும். பழையதைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துப் புதியதை நிரப்புங்கள். பொதுவாக, மிதியிலிருந்து மிகத் தொலைவிலுள்ள பின்சக்கரத்தில் தொடங்குங்கள். நிப்பிளில் தெளிவான குழாயை மாட்டி மறுமுனையைப் போத்தலுக்குள் விடுங்கள். உள்ளே ஒருவர் மிதித்துப் பிடிக்க, வெளியே ஒருவர் நிப்பிளைத் திறந்து, மூடிய பின்னரே மிதியை விடவேண்டும். குமிழியின்றித் தெளிந்த நிறம் வரும்வரை இதுவே. தாங்கி ஒருபோதும் வற்றக்கூடாது. வற்றினால் காற்று புகும். ஏபிஎஸ் உள்ள வாகனத்தில் காற்றுப் புகுந்தால் தெரிந்தவரிடம் கொண்டு செல்வதே அறிவு. மிதி கல்லாக நின்ற பிறகே, முதலில் முற்றத்திலும் பின்னர் சமமான வீதியிலும் சோதியுங்கள்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். இயந்திர ஒயிலை அவசரத்துக்குக்கூட இதில் ஊற்றாதீர்கள். இறப்பர் ஊதி, உள்ள பிரேக்கும் போகும். திறந்து பல மாதமான போத்தலைப் பத்திரப்படுத்தாதீர்கள். அதுவும் ஈரம் குடித்திருக்கும். கழிவை ஓடையில் கொட்டாதீர்கள். தலவாக்கலை வழியே ஓடும் கொத்மலை ஓயாவின் நீரை நமக்குக் கீழே எத்தனையோ பேர் நம்பியிருக்கிறார்கள்.

உரிமையாளர்களோடு என் வழக்கு முடியவில்லை. அரசோடும் உண்டு. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை செய்யவேண்டும். குழாயின் வாயில் கருவியை வைத்துப் புகையை அளக்கிறார்கள். நல்லது, நுரையீரல் பிழைக்கட்டும். அதே இடத்தில் மூடியைத் திறந்து, பேனை அளவான ஈரமானியைத் தோய்த்துப் பார்க்க ஒரு நிமிடமும் ஆகாது. ஏன் பார்ப்பதில்லை? வெளியே வரும் புகைக்கு உள்ள சட்டம், உள்ளே ஊறும் நீருக்கு ஏன் இல்லை? கொழும்பின் சமதரையில் அமர்ந்து விதி எழுதுவோருக்கு இறக்கம் தெரியாது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். தெரியும் என்றால் செய்துகாட்டட்டும்.

தோட்டங்களில் கொழுந்து ஏற்றும் வாகனமே நோயாளியையும் ஏற்றிச் செல்வது புதினமன்று. பிரசவ வேதனையிலுள்ள பெண்ணோடு இரவில் இறங்கும் அந்த வாகனத்தின் திரவத்தை யார், எப்போது மாற்றினார்கள்? தோட்ட நிருவாகத்தின் பதிவேட்டில் கொழுந்தின் கிலோக் கணக்கு இருக்கும். இந்தத் திகதி இருக்குமா? பாரத்தைத் தீர்மானிப்பவர் ஒருவர், செலவைத் தள்ளிப்போடுபவர் ஒருவர்; விலங்கு மாட்டப்படுவது மாத்திரம் சாரதிக்கு.

நிருபத் தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'பிரேக் செயலிழந்தமையால்' என்று எழுத முன்னர் உரிமையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசியாகத் திரவம் மாற்றிய திகதி என்ன? அவர் சொல்லும் திகதியைச் செய்தியில் போடுங்கள். திகதி இல்லை என்றால், இல்லை என்பதையே போடுங்கள். செயலிழந்தது பிரேக்கா, வேறெதுவுமா என்பதை வாசகர்கள் தீர்மானித்துக்கொள்வார்கள்.