சைத்தூனின் பெயரும் சைத்தூனின் உண்மையும்



சைத்தூன் எண்ணெய்ப் போத்தலில் ஒரு மரத்தின் படமும் "சுன்னத்" என்ற சொல்லும் இருந்தால் எம்மில் பலருக்குப் போதும். அது எந்த மரம் என்று நாம் கேட்பதில்லை.

சைத்தூன் ஒரே வகை மரமல்ல. ஸ்பெயினில் பிக்குவல், துனீசியாவில் ஷெம்லாலி, பலஸ்தீனத்தில் நபாலி, சூரி என்று நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. சிக்கல் பெயரில்தான். ஒரே இனத்துக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். வெவ்வேறு இனங்களுக்கு ஒரே பெயர். மண்ணும் மழையும் மாறினால் இலையும் காயும்கூட மாறித் தெரியும்.

இதைத் தீர்க்க விஞ்ஞானிகள் டி.என்.ஏ.யைப் பார்க்கிறார்கள். அதில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருகிறது என்பது இனத்துக்கு இனம் வேறுபடும். அப்படிப் பல இடங்களை எண்ணினால் அந்த இனத்தின் கைரேகை கிடைக்கும். அதற்கு ஒரு இலையே போதும், காய்க்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஸ்பெயினின் கோர்டோபாவில் உள்ள சைத்தூன் சேகரிப்பில் 21 நாடுகளிலிருந்து வந்த 499 பதிவுகளை இப்படியும், கொட்டையின் வடிவத்தைக் கொண்டும் ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். உண்மையில் இருந்தவை 332 இனங்கள்.

பெயர்தானே என்று விட முடியாது. 2013இல் தென் இத்தாலியின் புலியாவில் சைலெல்லா என்ற பக்டீரியா கண்டறியப்பட்டது. அதனால் பெருந்தொகையான மரங்கள் காய்ந்தன. லெச்சினோ இனம் அதை ஓரளவு தாங்குகிறது; அங்குள்ள ஒலியரோலா தாங்குவதில்லை. பெயர் மாறிய கன்றை நட்ட விவசாயிக்குப் பல வருட உழைப்பு வீண்.

"பரம்பரையலகு" என்று கேட்டவுடன், "மரத்தை மாற்றிவிட்டார்கள், சாப்பிடலாமா?" என்று எம்மில் சிலர் பயப்படுகிறோம். இங்கே யாரும் எதையும் மாற்றவில்லை. அல்லாஹ் படைத்ததில் இருப்பதை வாசிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கவனம் எமக்குப் புதிதா? 1071இல் வபாத்தான கதீப் அல் பக்தாதி (ரஹ்) அவர்கள், ஒரே பெயருடைய வெவ்வேறு ஹதீஸ் அறிவிப்பாளர்களைப் பிரித்தறியவே தனி நூல் எழுதினார்கள். ஒரே ஆள் பல பெயர்களில் வந்ததால் ஏற்பட்ட குழப்பத்தைத் தீர்க்க இன்னொரு நூல். பெயரை மட்டும் நம்பாமல் ஆளைத் தேடிய சமூகம் நாம். இன்று போத்தலின் லேபலை மட்டும் நம்புகிறோம், வட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அனுப்புகிறோம்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. சுத்திகரித்த எண்ணெயில் டி.என்.ஏ. பெரும்பாலும் சிதைந்துவிடும். போத்தலுக்குள் என்ன இனம் என்று கண்டுபிடிப்பது மரத்தில் கண்டுபிடிப்பதைப் போல இலகுவல்ல. ஆகவே "அபூர்வ இனம்" என்று கூடுதல் விலை கேட்டால், எப்படித் தெரியும் என்று கேட்போம். பிள்ளைகளுக்கும் அப்படிக் கேட்கப் பழக்குவோம். சைத்தூன் மீது அல்லாஹ் சத்தியம் செய்திருக்கிறான். அதன் பெயரில் நடக்கும் வியாபாரத்தில் உண்மையைத் தேடுவதும் அமானிதம்தான்.