வகையும் குறிச்சொல்லும்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து யாது என்று வினவினால், பங்கு மூலதனம், சேமநிதி, கட்டடம், கிடங்கிலுள்ள சரக்கு என்று அடுக்கிச் சொல்வோம். சங்கத்திடம் சேர்ந்துள்ள தகவல்களை எவரும் அக்கணக்கில் சேர்ப்பதில்லை. ஆயினும் கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள், நூல் மானியத்தின் விதி, பயிர்க் காப்பீட்டின் நிபந்தனை, பேரவையின் தீர்மானம் ஆகிய யாவும் அங்கத்தினர் அனைவருக்கும் உரிய பொதுச் சொத்தே. உரியவருக்கு உரிய காலத்தில் எட்டாத சொத்து இருந்தும் பயன் என்ன?

இன்று சங்கங்கள் பல தமக்கென இணையதளம் அமைத்து வருகின்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் நாம் ஆய்வுக்குச் செல்லும் சில இடங்களில், முன்பு பீரோவில் கட்டுக்கட்டாய்க் கிடந்த காகிதம் இப்போது திரையில் கட்டுக்கட்டாய்க் கிடக்கக் காண்கிறோம். ‘சுற்றறிக்கைகள்’, ‘அறிவிப்புகள்’, ‘இதர’ என மூன்று தலைப்புகள், பெரும்பகுதி ‘இதர’வில். இத்தலைப்புகள் அலுவலகத்தின் வசதிக்காக இடப்பட்டவை. நெசவாளரின் கேள்விக்காகவோ விவசாயியின் கேள்விக்காகவோ இடப்பட்டவை அல்ல. எந்தத் தாள் எங்கே உள்ளது என்பதை ஒருவரே அறிவாராயின், ஏனையோர் அவர் தயவை நாட நேரும். ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்னும் நம் கோட்பாடு அங்கே மெல்லத் தேய்கிறது.

தகவலை ஒழுங்குபடுத்த இரு கருவிகள் உண்டு. ஒன்று வகை, மற்றொன்று குறிச்சொல். இவற்றின் வேறுபாட்டை நெய்வேலிவாசிகள் எளிதில் உணர்வர். 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் எழுந்த நம் நகரியம், எண்ணிட்ட வட்டங்களாக வகுக்கப்பட்டது. ஒரு வீடு ஒரே வட்டத்தில்தான் இருக்கும், அதுபோன்றது வகை. ஆனால் அவ்வீட்டில் வாழ்பவரின் பெயர் சுரங்கத்தின் வருகைப் பதிவேட்டிலும், சிக்கனக் கடன் சங்கப் பேரேட்டிலும், நூலக உறுப்பினர் பட்டியலிலும் இருக்கலாம், அதுபோன்றவை குறிச்சொற்கள். தறியின் மொழியில் கூறினால், வகை பாவு, குறிச்சொல் ஊடை. பாவு நெசவுக்கு முன்பே எண்ணி நிறுத்தப்படுவது. ஊடை குறுக்கே ஓடி இழைகளைப் பிணைப்பது. இரண்டில் ஒன்று இல்லாவிடினும் துணி ஆகாது.

இத்துறையில் உலகுக்கு வழிகாட்டியவர் ஒருவர் நமக்கு அண்மையிலுள்ள சீர்காழியில் 1892-இல் பிறந்தார். அவரே எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகரானார். அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசம முறையில் பொருள்களுக்கு முன்கூட்டியே எண்கள் வகுக்கப்பட்டிருந்தன. பல பொருள்களைத் தழுவிய நூலை ஓர் எண்ணில் அடக்குவது அதில் அரிதாயிற்று. லண்டனில் பயின்ற காலத்தில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானை ஒரு கடையில் கண்ட ரங்கநாதன், சில துண்டுகளையே வெவ்வேறு விதமாகப் பூட்டிப் பல பொம்மைகள் செய்வதுபோல, சில கூறுகளைச் சேர்த்தே நூலுக்கு எண் அமைக்கலாம் எனத் தெளிந்தார். 1933-இல் வெளியான கோலன் பகுப்பு முறை அதன் விளைவு. பின்னர் அவர் அக்கூறுகளை ஐந்தாக வகுத்தார். எதைப் பற்றியது, எப்பொருளால் ஆனது, என்ன செயல், எவ்விடம், எக்காலம் என்ற ஐந்து கேள்விகளாக நாம் அவற்றைக் கொள்ளலாம்.

இதனை நம் தேவைக்குப் பொருத்திப் பார்ப்போம். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கரையைக் கடந்த தானே புயலில் பண்ருட்டிப் பகுதியின் முந்திரியும் பலாவும் சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய இழப்புக்கு நிவாரண ஆணை ஒன்று வந்ததாகக் கொள்வோம். அதன் வகை ‘கடனும் உதவியும்’ என்ற ஒன்றே. ஆனால் முந்திரி, புயல் நிவாரணம், பண்ருட்டி, 2011 எனக் குறிச்சொற்கள் இட்டால், பயிரை நினைத்துத் தேடுபவரும், ஊரை நினைத்துத் தேடுபவரும், ஆண்டை நினைத்துத் தேடுபவரும் அதே தாளை அடைவர்.

தேடும் கட்டத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் போதாதா, இத்தனை தொல்லை ஏன் என்று சிலர் கேட்பர். சாதாரணத் தேடுகருவி எழுத்தைத்தான் ஒப்பிடும், கருத்தை அறியாது. நம் வட்டாரத்தில் மல்லாட்டை என்றும் மணிலா என்றும் வழங்குவது அரசாணையில் நிலக்கடலையாக நிற்கிறது. அதனினும் இடர் தருவது ‘தள்ளுபடி’ என்னும் சொல். கைத்தறிச் சங்கத்தில் அது துணி விலையில் தரும் கழிவு. விவசாயிக்கோ, 2021-இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்த ரூ.12,110 கோடிப் பயிர்க்கடன் தள்ளுபடி போன்றது. ஒரு சொல்லுக்கு இரு பொருள். ஒரு பொருளுக்கு மூன்று சொல். இதனைத் தீர்த்து வைக்க மனிதர் ஒருவர் முன்னதாகச் சிந்தித்தாக வேண்டும்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது: வகைகள் ஏழெட்டுக்கு மேற்படலாகாது. அவை கடன், மானியம், கொள்முதல், விற்பனை, பேரவை என அங்கத்தினர் கேட்கும் கேள்விகளின் வழியே அமைதல் வேண்டும். ‘இதர’ என்ற தலைப்பை அறவே நீக்க வேண்டும். குறிச்சொற்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும். ‘மானியம்’ என்று ஒருநாளும் ‘மானியங்கள்’ என்று மறுநாளும் இடுதல் கூடாது. மல்லாட்டை என்று தேடுபவரையும் நிலக்கடலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ‘கடன் தள்ளுபடி’, ‘விலைத் தள்ளுபடி’ எனப் பிரித்தெழுத வேண்டும். ஆண்டு முடிவில் சரக்கிருப்பைச் சரிபார்ப்பதுபோல இப்பட்டியலையும் சரிபார்த்தல் நன்று.

இப்பட்டியலை வகுப்பவர் யார் என்பதே முடிவான வினா. கணினி அமைப்பவரிடம் மட்டும் இதனை விட்டுவிடுதல் தகாது. அவர் கருவியை அறிவார். பாவு ஓட்டுபவரின் சொல்லையும் முந்திரிக்கொட்டை பொறுக்குபவரின் சொல்லையும் அறியார். பட்டியலை அடுத்த பேரவையின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு அங்கத்தினர்கள் கோர வேண்டும். நெசவாளர் இருவரும் விவசாயிகள் இருவரும் செயலாளருடன் அமர்ந்து அதனை வகுக்கட்டும். தமக்குரியதைத் தாமே தேடிக் காணும் அங்கத்தினரே சங்கத்தை உண்மையில் ஆள்பவர்.